அப்பிள் தோட்டங்களும் தெளிமருந்துச் சோதனைகளும்

மன்னர்தம் போர்களையும் உடன்படிக்கைகளையும் மாத்திரமே வரலாறெனக் கொண்ட காலம் கழிந்துவிட்டது. உழவர் தம் நிலத்தில் எதனை நட்டனர், எதனால் இழப்புற்றனர், அவ்விழப்பைத் தடுக்க எவ்வழியை நாடினர் என்பனவும் வரலாற்றின்பாற் பட்டனவே. இவ்வகையில் ஆராயுந்தோறும் பயன் தருவதொன்று, மேலை நாடுகளின் அப்பிள் தோட்டங்களிற் பூச்சிகளுக்கும் சிற்றுண்ணிகளுக்கும் எதிராக நிகழ்ந்த தெளிமருந்துச் சோதனைகளின் வரலாறாகும். ஏறக்குறைய நூறாண்டு காலத்தில், ‘இம்மருந்து பூச்சியைக் கொல்கின்றதா?’ என்ற எளிய வினா, ‘இம்மருந்து தோட்டத்தை என் செய்கின்றது?’ என்ற பெருவினாவாக விரிந்த கதை அது. அவ்விரிவிற்கு உழவரும் உண்போரும் நிலமும் கொடுத்த விலை சிறிதன்று.

அப்பிளும் அதன் பகையும்

அப்பிளின் தாயகம் மத்திய ஆசியாவின் மலைச்சாரல்கள் என்பது இன்று பெரிதும் ஒப்புக்கொள்ளப்பட்ட முடிபாகும். உருசிய அறிஞர் வவிலோவ் அல்மா-அற்றா நகரைச் சூழ்ந்த காட்டு அப்பிள்களைக் கண்டு கூறிய கருத்தைப் பிற்காலத்து மரபணு ஆய்வுகளும் உறுதிப்படுத்தியுள்ளன. ஐரோப்பியர் வட அமெரிக்காவிற் குடியேறியபொழுது அப்பிளையும் உடன்கொண்டு சென்றனர். அப்பிளுடன் அதன் பகையும் சென்றது. அப்பகையுட் தலையாயது ‘கொட்லிங்’ அந்துப்பூச்சி. இதன் பெண்பூச்சி இலையின் மீதும் இளங்காயின் மீதும் முட்டையிடும். முட்டையினின்று வெளிப்படும் குடம்பி சிறிது நேரம் ஊர்ந்து திரிந்த பின்னர்க் காயினுட் புகுந்து விதைவரை குடைந்து செல்லும். புகுந்த குடம்பியை எம்மருந்தும் எளிதில் அணுகாது. ஆதலின் அது புகுமுன் காயின் தோலில் நஞ்சு படிந்திருத்தல் வேண்டும். தெளிமருந்துக் கலை முழுவதும் இச்சிறு இடைவேளையைப் பற்றியே எழுந்தது எனலாம்.

ஏனைய பகைகளும் உள. பட்டையில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும் செதிற்பூச்சிகள், தளிரைச் சுருட்டும் புழுக்கள், அழுக்கணவன் வகைகள், பங்கசினால் உண்டாகும் பொருக்கு நோய் என்பன அவை. ‘ஐரோப்பியச் செஞ்சிற்றுண்ணி’ என்பதும் ஒன்று. கண்ணுக்குப் புலப்படுதற்கரிய இவ்வுயிர், இலையின் கலங்களைக் குத்தி உள்ளீட்டை உறிஞ்சுதலால் இலை வெண்கல நிறமடைந்து வலியிழக்கும். இது கிளைகளின் பட்டையிற் செந்நிற முட்டைகளாகக் குளிர்காலத்தைக் கழித்து, ஓராண்டிற் பல தலைமுறைகளைத் தோற்றுவிக்கும். எனினும் 1920-ஆம் ஆண்டிற்கு முன்னர் இச்சிற்றுண்ணியைப் பெரும் பீடையென எவரும் கருதவில்லை. எங்கோ ஒரு மூலையில் இருந்த எளிய உயிர் பின்னர்த் தோட்டங்களை நடுங்கச் செய்தது எங்ஙனம் என்பதே இவ்வரலாற்றின் மையமாகும்.

ஆசனிக்கின் ஆட்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உருளைக்கிழங்கை அழித்த கொலராடோ வண்டிற்கு எதிராக அமெரிக்க உழவர் ‘பாரிசுப் பச்சை’ என்ற வண்ணப்பொருளைப் பயன்படுத்தினர். செம்பும் ஆசனிக்கும் கலந்த அப்பச்சைப் பொடி 1870-களில் அப்பிள் மரங்களுக்கும் தெளிக்கப்படலாயிற்று. அது இலைகளைக் கருக்கும் குறையுடையது. 1892-ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், ‘ஜிப்சி’ அந்தெனப்படும் வேறொரு பூச்சியை ஒழிக்கும் முயற்சியின்போது ஈய ஆசனேற்று ஆக்கப்பட்டது. அது இலையைக் கருக்காது. தோலில் நன்றாய் ஒட்டும். மழையில் எளிதிற் கழுவுண்டு போகாது. இக்குணங்களால் அரை நூற்றாண்டு காலம் அதுவே அப்பிள் தோட்டங்களின் முதன் மருந்தாய் விளங்கிற்று. எக்குணங்களுக்காக அது போற்றப்பட்டதோ அக்குணங்களே பின்னர் அதன் குற்றங்களாயின என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அக்காலத்துச் சோதனைமுறை எளியது. தோட்டத்திற் சில மரங்களுக்கு மருந்து தெளிப்பர். சில மரங்களைத் தெளியாது விடுவர். அறுவடைக் காலத்தில் உதிர்ந்தனவும் பறித்தனவுமாகிய காய்களை எண்ணி, நூற்றுக்கு எத்தனை புழுவுற்றன என்று கணிப்பர். தெளியாத மரங்களே ஒப்பீட்டு மரங்கள். இம்முறையில் ஐயத்திற்கு இடமில்லை என்றே பலர் கருதினர். ஆயினும் மரத்திற்கு மரம் இயல்பாகவே வேற்றுமையுண்டு. வேலியோரத்து மரமும் நடுத்தோட்டத்து மரமும் ஒரே அளவிற் பூச்சியைப் பெறுவதில்லை. மருந்து தெளியாவிடினும் பூச்சிகளிற் சில இயல்பாக மடிவதும் உண்டு. இவ்விரு குறைகளையும் நீக்குவதற்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரு வழிகள் தோன்றின.

முதலாவது, 1925-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பூச்சியியலறிஞர் அபொற் வெளியிட்ட சூத்திரம். ஓர் எடுத்துக்காட்டினால் அதனை விளக்கலாம். மருந்து தெளியாத மரத்தில் நூறு பூச்சிகளில் இருபது தாமே மடிந்து எண்பது எஞ்சின எனவும், தெளித்த மரத்தில் நூற்றிற் பத்தே எஞ்சின எனவும் கொள்க. மருந்து தொண்ணூறு வீதத்தைக் கொன்றது என்று கூறுதல் பிழையாகும். எண்பது எஞ்சியிருக்க வேண்டிய இடத்திற் பத்தே எஞ்சின. ஆகவே எண்பதில் எழுபதை மருந்து கொன்றது. மருந்தின் உண்மையான வலிமை 87.5 வீதம். பள்ளி மாணவரும் செய்யக்கூடிய இக்கணக்கு உலகெங்கும் இன்றும் கையாளப்படுகின்றது. இரண்டாவது, இங்கிலாந்தின் உரொதம்ஸ்ரெட் ஆய்வுநிலையத்தில் 1919-ஆம் ஆண்டு முதற் பணியாற்றிய பிஷர் வகுத்த சோதனைத் திட்டமுறை. எம்மரத்திற்கு எம்மருந்து என்பதை ஆய்வாளர் தம் விருப்பப்படி தீர்மானியாது குலுக்கல் முறையால் தீர்மானித்தலும், ஒவ்வொரு மருந்தையும் பல இடங்களில் மீளமீளச் சோதித்தலும் அதன் அடிப்படைகளாம்.

இவ்விரண்டினாலும் எண்கள் செம்மையடைந்தன. எண்கள் செம்மையடைந்தமை வினா செம்மையடைந்ததற்குச் சான்றாகாது என்பதைப் பின்வந்த நிகழ்ச்சிகள் காட்டின.

இரு எச்சரிக்கைகள்

முதலெச்சரிக்கை வாசிங்ரன் மாநிலத்திலிருந்து வந்தது. அங்கே சான் ஹொசே செதிற்பூச்சிக்குச் சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துக் காய்ச்சிய கரைசலைத் தெளிப்பது வழக்கம். கிளாக்ஸ்ரன் என்னும் ஊரில், பல ஆண்டுகள் தெளித்தும் பூச்சி மடியவில்லையென உழவர் முறையிட்டனர். மருந்திற் கலப்படம் உண்டெனச் சிலரும், தெளித்தவர் ஒழுங்காகத் தெளிக்கவில்லையெனச் சிலரும் கூறினர். மெலாண்டர் என்னும் பூச்சியியலறிஞர் ஒரே கரைசலைப் பல்வேறு ஊர்களிற் சோதித்தார். பிறவூர்களிற் பூச்சி மடிந்தது, கிளாக்ஸ்ரனில் மடியவில்லை. மருந்து ஒன்றே, ஆகவே வேற்றுமை பூச்சியிடத்தே இருத்தல் வேண்டும். பூச்சிகள் தெளிமருந்துகளுக்கு எதிர்ப்புத்திறன் பெறக்கூடுமோ என்ற வினாவையே தலைப்பாகக் கொண்டு 1914-ஆம் ஆண்டில் அவர் தமது கட்டுரையை வெளியிட்டார். வலிய பூச்சிகள் எஞ்சி இனம் பெருக்குதலால் எதிர்ப்புத்திறன் தலைமுறைதோறும் மிகும் என்ற கருத்து அக்காலத்துப் பலருக்கு விந்தையாகவே தோன்றியது.

இதனைக் கொட்லிங் அந்தின் மீது ஐயத்திற்கிடமின்றி நிறுவியவர் வேர்ஜீனியா மாநிலத்தைச் சார்ந்த ஹவ் என்பவர். கொலராடோ மாநிலத்தில் ஈய ஆசனேற்று நெடுங்காலமாக மிகுதியாய்த் தெளிக்கப்பட்டு வந்தது. அவ்விடத்து அந்துகளையும் வேர்ஜீனியாவின் அந்துகளையும் அவர் ஒரே சூழலில் வளர்த்து, புதிதாய்ப் பொரித்த குடம்பிகளை நஞ்சு தெளித்த காய்களின் மீது விட்டார். வேர்ஜீனியக் குடம்பிகளிலும் மிகப் பலவாகக் கொலராடோக் குடம்பிகள் நஞ்சைக் கடந்து காயினுட் புகுந்தன. 1920-களின் இறுதியிலும் 1930-களிலும் வெளிவந்த இவ்வாய்வு, ஓர் ஊரிற் பெற்ற சோதனை முடிபு மற்றோர் ஊருக்குப் பொருந்தாமற் போகக்கூடும் என்பதையும், இவ்வாண்டின் முடிபு பத்தாண்டு கழித்துப் பொய்யாகக்கூடும் என்பதையும் ஒருங்கே உணர்த்திற்று. உழவரோ வேறு வழியறியாது தெளிக்கும் தடவைகளை மிகுத்தனர். வெப்பமும் வறட்சியுமுடைய பள்ளத்தாக்குகளில் ஒரு பருவத்தில் ஐந்தாறு தடவையும் அதற்கு மேலும் தெளிக்கலாயினர்.

இரண்டாவது எச்சரிக்கை உண்போரிடமிருந்து எழுந்தது. 1900-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மன்செஸ்ரர்ப் பகுதியில், ஆசனிக்குக் கலந்த சர்க்கரையினால் ஆக்கப்பட்ட பியரை அருந்திப் பலர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். இதனை ஆராய்ந்த கெல்வின் பிரபுவின் ஆணைக்குழு, 1903-ஆம் ஆண்டில், திண்ம உணவில் இறாத்தலுக்கு 0.01 குன்றிமணிக்கு மேல் ஆசனிக்கு இருத்தலாகாது என்ற வரம்பை முன்மொழிந்தது. குன்றிமணி என்றது ஈண்டு ஆங்கில நிறையலகாகிய ‘கிறேயின்’ என்பதனை. பியரை முன்னிட்டு எழுந்த இவ்வரம்பே இருபதாண்டு கழிந்தபின் அப்பிளின் தலைவிதியைத் தீர்மானித்தது. 1925–26 காலத்திற் பிரித்தானிய அதிகாரிகள் அமெரிக்க அப்பிள்களில் வரம்பு கடந்த ஆசனிக்கு எச்சத்தைக் கண்டு முறையிட்டனர். ஏற்றுமதிச் சந்தையை இழக்க அஞ்சிய தோட்டத்தார், பறித்த பழங்களை நீர்த்த ஐதரோகுளோரிக்கமிலத்திற் கழுவத் தலைப்பட்டனர். அதுகாறும் நிகழ்ந்த சோதனைகள் காயினுட் புழு உளதா என்பதை எண்ணினவேயன்றி, காயின் மேல் எஞ்சிய நஞ்சு எத்துணை என்பதைப் பெரிதும் எண்ணவில்லை. சோதனையின் கணக்கேட்டில் ஒரு புதிய நிரல் சேர்க்கப்பட்டது. அதனைச் சேர்த்தவர் ஆய்வாளரல்லர், கடல் கடந்த நாட்டின் சுகாதார அதிகாரிகள்.

சிற்றுண்ணியின் எழுச்சி

1920-களில் இங்கிலாந்தின் பழத்தோட்டங்களிற் குளிர்காலத்தில் நிலக்கரித் தாரெண்ணெய்க் கரைசலால் மரங்களைக் கழுவும் வழக்கம் பரவிற்று. அழுக்கணவனின் முட்டைகள் அழிந்தன. பட்டையிற் படிந்த பாசியும் மரக்காளானும் நீங்கி மரங்கள் பொலிவுற்றன. ஆயினும் செஞ்சிற்றுண்ணி பெருகிற்று. அதன் முட்டைகளைத் தாரெண்ணெய் கொல்லவில்லை; அதனை உண்டு வாழ்ந்த பூச்சிகளோ பட்டையின் வெடிப்புகளில் தம் உறைவிடத்துடனேயே அழிந்தன. கென்ற் மாவட்டத்தின் ஈஸ்ற் மோலிங் ஆய்வுநிலையத்தார் இத்தொடர்பை உற்றுநோக்கினர். இந்நிகழ்ச்சி பின்வரப்போகும் பெருநிகழ்ச்சிக்கு ஒரு முன்னோடியாக அமைந்தது.

சுவிற்சர்லாந்தில் 1939-ஆம் ஆண்டில் போல் முல்லர் என்பவர் டி.டி.ரீ.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். அதற்காக 1948-இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் அம்மருந்து அப்பிள் தோட்டங்களிற் சோதிக்கப்பட்டபொழுது கொட்லிங் அந்திற்கு எதிராக அது பெற்ற வெற்றி ஆய்வாளரை வியப்பில் ஆழ்த்திற்று. ஈய ஆசனேற்றைப் பலமுறை தெளித்தும் தடுக்க முடியாத புழுவைச் சில தெளிப்புகளால் தடுக்க முடிந்தது. ஆசனிக்கைக் கழுவும் தொல்லையும் ஒழிந்தது. பழைய முறைப்படி புழுவுற்ற காய்களை மட்டும் எண்ணிய எந்தச் சோதனையும் டி.டி.ரீ.க்கே முதலிடம் வழங்கியிருக்கும், வழங்கவும் செய்தது.

ஆனால் அதே மரங்களின் இலைகள் கோடை நடுவில் வெண்கல நிறம் பூண்டன. டி.டி.ரீ. சிற்றுண்ணியைக் கொல்லாது, சிற்றுண்ணியை இரையாகக் கொண்ட பொறிவண்டுகளையும் பிறவற்றையும் கொல்லும். கம்பளி அழுக்கணவனும் இங்ஙனமே பெருகிற்று. அதனை அடக்கி வந்த ‘அபெலினசு மாலி’ என்னும் சிறு குளவி டி.டி.ரீ.க்கு இரையாயிற்று. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் முன்னர் அரிதாயிருந்த ஓர் இலைசுருட்டிப் புழுவும் பெரும் பீடையாக எழுந்தது. இரைகௌவிகளின் அழிவே இவற்றிற்குக் காரணம் எனப் பெரும்பாலார் கூறினர். மருந்து இலையின் சத்தினை மாற்றுதலாலோ சிற்றுண்ணியை நேரே தூண்டுதலாலோ அதன் பெருக்கம் மிகுகின்றதென வேறு சிலர் வாதித்தனர். இரண்டிலும் உண்மையுண்டாயினும், முன்னையதே பெரும்பான்மை என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

சிற்றுண்ணியை ஒழிக்கப் பரதியோன் முதலிய பொசுபரசுச் சேர்மங்கள் வந்தன. சில ஆண்டுகளுக்குள்ளேயே சிற்றுண்ணிகள் அவற்றிற்கு எதிர்ப்புத்திறன் பெற்றன. 1950-களின் தொடக்கத்திற் கொட்லிங் அந்தும் டி.டி.ரீ.யை எதிர்க்கலாயிற்று. ஒரு பீடைக்கெனத் தெளித்த மருந்து மற்றொரு பீடையைப் பிறப்பிக்க, அதற்கென மற்றொரு மருந்தைத் தேடும் நிலையில் உழவர் அகப்பட்டனர்.

நோவாஸ்கோசியாவின் நீண்ட சோதனை

இந்நிலையில் வேறொரு வினாவை எழுப்பியோர் கனடாவின் கீழ்க்கரையிலுள்ள நோவாஸ்கோசியா மாகாணத்து ஆய்வாளர்கள். அங்கே அன்னாபொலிஸ் பள்ளத்தாக்கிற் பதினேழாம் நூற்றாண்டிற் பிரெஞ்சுக் குடியேறிகள் அப்பிளை நட்டனர். பிற்காலத்தில் அப்பள்ளத்தாக்கு பிரித்தானியச் சந்தைக்குப் பெருந்தொகையான அப்பிளை அனுப்பி வாழ்ந்தது. 1939-இல் மூண்ட போர் அச்சந்தையை மூடிற்று. மருந்திற்கு மிகுந்த பொருள் செலவிட இயலாத நிலையில் தோட்டத்தார் இருந்த காலத்திலேயே, மத்திய அரசாங்கத்தின் பூச்சியியல் ஆய்வுகூடத்தைச் சார்ந்த அலிசன் பிக்கெற் என்பாரும் அவர்தம் துணைவர்களும் தமது ஆராய்ச்சியைத் தொடங்கினர்.

அவர்களின் சிந்தனையைத் தூண்டியது பூச்சிகொல்லியன்று. பங்கசுகொல்லியே என்பது வியப்பிற்குரியது. பொருக்கு நோய்க்கு முன்னர்ச் செம்பும் சுண்ணாம்பும் கலந்த போடோக் கலவை தெளிக்கப்பட்டது. அது பழத்தோலைச் சொரசொரப்பாக்கியமையால் 1930-களிற் பலர் கந்தகத்தை நாடினர். கந்தகம் தெளித்த தோட்டங்களில் ‘சிப்பிச் செதில்’ என்னும் பூச்சி மரங்களையே சாகடிக்கும் அளவிற்குப் பெருகிற்று. கந்தகம் அப்பூச்சிக்கு உணவுமன்று, மருந்துமன்று. அங்ஙனமாயின் பெருக்கத்திற்குக் காரணம் யாது? துணைவருள் ஒருவரான லோட் இதனை ஆராய்ந்து 1947-இல் வெளியிட்டார். அச்செதிற்பூச்சியை அடக்கி வந்தவை இரண்டு: ‘அபைற்றிசு’ எனும் நுண்குளவி ஒன்று, செதிலின் கீழ்ப் புகுந்து முட்டைகளை உண்ணும் இரைகௌவிச் சிற்றுண்ணி மற்றொன்று. கந்தகம் இவ்விரண்டையும் அழித்தது. கந்தகத்தை நீக்கி வேறு பங்கசுகொல்லிகளைத் தெளித்த இடங்களில் இவை மீண்டன, செதிற்பூச்சி தணிந்தது.

இதனின்று பிக்கெற் குழுவினர் பெற்ற பாடம் ஆழமானது. ஒரு மருந்தைச் சோதிக்கும்பொழுது அது எதனைக் கொல்வதற்கென ஆக்கப்பட்டதோ அதனை மட்டும் எண்ணுதல் போதாது. எதனைக் கொல்லக் கருதவில்லையோ அதனையும் எண்ணுதல் வேண்டும். 1946-ஆம் ஆண்டு முதல், தெளிப்புத் திட்டங்கள் நோவாஸ்கோசியாவின் அப்பிள் தோட்டத்து உயிர்க்குலத்தை எங்ஙனம் பாதிக்கின்றன என்ற பொதுத் தலைப்பில் அவர்கள் தொடர்கட்டுரைகளை வெளியிட்டனர். ‘பீடை’ என்ற சொல்லினிடத்தில் ‘உயிர்க்குலம்’ என்ற சொல் வந்தமை தலைப்பளவில் நின்ற மாற்றமன்று. ஆராய்ச்சியின் நோக்கே மாறியதன் அறிகுறியாகும்.

நோக்கு மாறவே முறையும் மாற வேண்டியதாயிற்று. பழைய சோதனையில் ஒவ்வொரு மருந்திற்கும் ஒருசில மரங்களே உரியன. ஒரு மரத்து இரைகௌவிகள் மாண்டாலும் அயல்மரத்தினின்று வேறு இரைகௌவிகள் பறந்து வரும். ஆகவே மருந்தின் தீங்கு மறைந்துவிடும். மறுதலையாக, நடுவே தெளியாது விடப்பட்ட ஒப்பீட்டு மரமும் உண்மையில் இயற்கை மரமன்று. நாற்புறமும் நஞ்சு தெளித்த தோட்டத்தினிடையே, பல்லாண்டு நஞ்சினால் இரைகௌவிகளை இழந்து நிற்கும் மரம் அது. அதிற் பூச்சி மிகுந்திருத்தலைக் கண்டு, மருந்து இல்லையேல் தோட்டமே அழியும் என்று முடிவு செய்தல் வழுவாகும். ஆதலின் சில மரங்களுக்குப் பதிலாகப் பெரும் பகுதிகளையும் முழுத்தோட்டங்களையும், ஒரு பருவத்திற்குப் பதிலாகப் பல ஆண்டுகளையும் சோதனையின் அளவாக அக்குழுவினர் கொண்டனர். இரைகௌவிகள் மீள்வதற்குக் காலம் வேண்டும். அக்காலத்தை வழங்காத சோதனை அவற்றின் ஆற்றலை அறியவே முடியாது.

அவ்வாறு எண்ணியபொழுது அதுவரை எவரும் பொருட்படுத்தாத பல துணைகள் வெளிப்பட்டன. சிற்றுண்ணியின் முட்டைகளை உண்ணும் இரைகௌவிச் சிற்றுண்ணிகளும் பனிப்பூச்சி வகையும் அவற்றுட் சில. மக்லெலன் என்பவர் குளிர்காலத்திற் பட்டையின் கீழ் ஒடுங்கியிருக்கும் கொட்லிங் குடம்பிகளை மரங்கொத்திகள் கொத்தியுண்டு பெரிதும் குறைப்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். துணை செய்யும் இவ்வுயிர்களுக்குத் தீங்கு குறைந்த மருந்துகளைத் தேர்ந்தெடுத்தல் அடுத்த பணியாயிற்று. கொட்லிங் அந்திற்கெனத் தென்னமெரிக்கச் செடியொன்றின் தண்டினின்று பெறப்படும் ‘இரையானியா’ என்னும் பொடியை அவர்கள் பரிந்துரைத்தனர். டி.டி.ரீ.யைப் போன்று உடனடியாக வியப்பூட்டும் விளைவை அது தரவில்லை; ஆயினும் இரைகௌவிகளைப் பெரும்பாலும் காத்தது. மருந்தின் அளவைக் குறைத்தலும், பீடையின் வாழ்க்கையில் மிக நலிந்த தறுவாயை நோக்கித் தெளித்தலும் இத்திட்டத்தின் பிற கூறுகளாம்.

இத்திட்டத்தைக் கைக்கொண்ட தோட்டத்தார் விளைவிற் குறைவின்றி வாழ்ந்தனர். 1962-ஆம் ஆண்டில் வெளிவந்த தமது ‘மௌன வசந்தம்’ என்னும் நூலில் இராச்சல் கார்சன் அம்மையார் இவ்வாய்வைப் பாராட்டி, நோவாஸ்கோசியத் தோட்டத்தார் பூச்சிகொல்லிக்குச் செலவிடுவது பிற அப்பிள் நாடுகளிற் செலவாவதில் 10 முதல் 20 வீதமே எனக் குறிப்பிட்டார்.

ஆயினும் நடுநிலை வழுவாது நோக்குவோர்க்கு இதன் எல்லைகளும் புலப்படும். நோவாஸ்கோசியாவின் குளிர்ந்த கோடையிற் கொட்லிங் அந்து பெரும்பாலும் ஓராண்டிற்கு ஒரு தலைமுறையே பெருகும். வாசிங்ரன் மாநிலத்து வெப்பப் பள்ளத்தாக்குகளில் இரண்டு, சில ஆண்டுகளில் மூன்று தலைமுறைகள் உண்டு. அன்றியும் பழச்சாறு, பதப்படுத்தல் ஆகியவற்றிற்குச் செல்லும் அப்பிளிற் சிறு வடு இருப்பினும் கேடில்லை. அங்காடியின் கண்ணாடிப் பேழையில் வைக்கப்படும் அப்பிளுக்கோ ஒரு வடுவும் ஆகாது. இவற்றைச் சுட்டிக் கனடாவிலும் அமெரிக்காவிலும் பல பூச்சியியலறிஞர் பிக்கெற்றின் முறை பிறவிடங்களுக்கு ஒவ்வாதென்றனர். அவர்தம் கூற்று முற்றும் தவறன்று. ஒரு திட்டத்தை அப்படியே இடம்பெயர்த்தல் இயலாது. இடம்பெயரத்தக்கது அவர் எழுப்பிய வினாவே.

வினாவின் பரம்பல்

அவ்வினா எங்ஙனம் இடம்பெயர்ந்தது என்பதற்கு வாசிங்ரன் மாநிலமே சான்று. 1960-களின் தொடக்கத்தில் அங்கே மக்டானியல் சிற்றுண்ணி ஏறக்குறைய எல்லாச் சிற்றுண்ணிகொல்லிகளையும் எதிர்த்து நின்றது. வெனாச்சி நகரில் ஆய்வு நிகழ்த்திய ஹொயிற் என்பவர், பொசுபரசு மருந்து பல்லாண்டு தெளித்த தோட்டங்களில் ஒருவகை இரைகௌவிச் சிற்றுண்ணியும் அம்மருந்திற்கு எதிர்ப்புத்திறன் பெற்றிருத்தலைக் கண்டார். மெலாண்டர் காலமுதல் உழவரின் பகையாயிருந்த எதிர்ப்புத்திறன் ஈண்டு நட்பாயிற்று. கொட்லிங் அந்திற்கு வேண்டிய பொசுபரசு மருந்தினைக் குறைந்த அளவில் தெளித்து, சிற்றுண்ணிகொல்லிகளைத் தவிர்த்தால் இரைகௌவி தன் பணியைச் செய்யும். இளவேனிலில் அதற்கு உணவாகும்பொருட்டு, பெருந்தீங்கு விளைக்காத துருச்சிற்றுண்ணிகளை வாளா விடுதல் வேண்டும் எனவும் அவர் கண்டார். 1969-இல் வெளிவந்த இவ்வாய்வு, பீடையெனப்படுவதனுள்ளும் ஓரளவு இருத்தல் நன்றென்ற உண்மையை உழவர்க்கு உணர்த்திற்று. இதற்குப் பத்தாண்டு முன்னர், 1959-இல், கலிபோர்ணியாவைச் சார்ந்த நான்கு அறிஞர் பீடை எந்நிலையை எட்டும்பொழுது இழப்பு மருந்துச் செலவை மிஞ்சுகின்றதோ அந்நிலைக்கு முன்னர்த் தெளிக்க வேண்டாம் என்ற கோட்பாட்டை வகுத்திருந்தனர். கள ஆய்வும் கோட்பாடும் இவ்வாறு ஒன்றையொன்று தழுவின.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களும் இதே பாடத்தைத் தம் வழியிற் கற்றன. தேயிலையின் இலைசுருட்டிப் புழுவை அடக்குவதற்கென 1930-களின் நடுப்பகுதியில் யாவாவினின்று ‘மக்றோசென்றசு’ எனும் ஒட்டுண்ணிக் குளவி கொணரப்பட்டது. அதன் பணியால் அப்புழு நெடுங்காலம் அடங்கியிருந்தது. பின்னர்த் தண்டைத் துளைக்கும் வண்டிற்கெனத் தியெல்திரின் தெளிக்கப்பட்டபொழுது, குளவி அழிந்து இலைசுருட்டி மீண்டும் பெருகிற்று. அப்பிளும் தேயிலையும் வேறு, காலநிலையும் வேறு, நிகழ்ந்த முறை ஒன்றே.

அதன்பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். 1971-இற் கொட்லிங் பெண் அந்து ஆணை அழைக்கும் மணப்பொருளின் வேதியியல் அமைப்பு கண்டறியப்பட்டது. அம்மணத்தைத் தோட்டமெங்கும் பரப்பி ஆண்களை மயக்கிப் புணர்ச்சியைத் தடுக்கும் முறை 1990-களில் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்து விரைவிற் பரவிற்று. டி.டி.ரீ. 1972-இல் அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டது. அப்பிள் தோட்டங்களில் அரை நூற்றாண்டு முதன்மை பெற்றிருந்த அசின்பொசுமெதயில் என்ற பொசுபரசு மருந்தும் 2010-களின் தொடக்கத்தில் அந்நாட்டில் ஒழிக்கப்பட்டது. ஈய ஆசனேற்று தெளிப்பிலிருந்து மறைந்து நெடுங்காலம் கழிந்தபின் 1988-இற் சட்டப்படி நீக்கப்பெற்றது. ஆனால் நிலத்தினின்று அது நீங்கவில்லை. ஈயமும் ஆசனிக்கும் சிதைந்து மறையும் பொருள்களல்ல. பழைய அப்பிள் தோட்டங்களை வீட்டுமனைகளாகவும் பள்ளி நிலங்களாகவும் மாற்றிய இடங்களில், ஏறக்குறைய நூறாண்டுக்கு முன் தெளித்த நஞ்சு மேல்மண்ணில் இன்றும் காணப்படுகின்றது. மழையிற் கழுவுண்டு போகாமை அம்மருந்தின் சிறப்பெனப் போற்றிய முதற்சோதனையாளர், அச்சிறப்பு எத்துணைக் காலம் நிலைக்கும் என்று வினவவில்லை.

முடிபு

இவ்வரலாற்றில் தீயோர் எவருமிலர். ஈய ஆசனேற்றைப் பரிந்துரைத்தவரும் டி.டி.ரீ.யைப் போற்றியவரும் உழவரின் இழப்பைத் துடைக்கவே முயன்றனர். அவர்தம் எண்கள் பெரும்பாலும் மெய்யானவையே. குறை எண்களிலில்லை, எவற்றை எண்ண வேண்டும் என்ற தீர்மானத்தில் இருந்தது. புழுவுற்ற காயை எண்ணியோர் நச்செச்சத்தை எண்ணவில்லை. எச்சத்தை எண்ணியோர் இரைகௌவியை எண்ணவில்லை. ஓராண்டை எண்ணியோர் பத்தாண்டை எண்ணவில்லை. ஒவ்வொரு குறையும் சோதனைச் சாலையிற் புலப்படாது, உழவரின் நட்டத்திலும் உண்போரின் உடலிலும் நிலத்தின் மேற்படையிலும் வெளிப்பட்டது.

நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருந்தை நாடல் வேண்டும் என்பது தமிழ் மருத்துவம் அறிந்த நெறி. மருந்தே நோயின் காரணங்களுள் ஒன்றாகக்கூடும் என்பதை அப்பிள் தோட்டங்கள் அந்நெறியுடன் சேர்த்துக் கற்பித்தன. பிக்கெற்றும் அவர்தம் துணைவரும் செய்த பெருந்தொண்டு புதிய மருந்தொன்றைக் கண்டமையன்று. ஒரு மரத்தின் இலையை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, அதில் வாழும் நட்பையும் பகையையும் ஒருங்கே எண்ணும் பொறுமையை விவசாய விஞ்ஞானத்திற்கு வழங்கியமையே. அப்பொறுமை, அப்பிள் விளையாத நாடுகளின் வயல்களுக்கும் வேண்டப்படுவதொன்றாகும்.